மிச்சம் இருந்த ஒரு சொல்

முதலில் பஜனை மடம். எட்டு வயதில், படியேறி நின்று கூடவே பாடிவிட்டான் என்பதற்காக மாரிமுத்துவின் காதைப் பிடித்துத் தெருவில் இறக்கிவிட்டார்கள். "உங்க தெருப் பிள்ளைங்க கீழ நின்னு கேட்டாப் போதும்டா" என்றார் ஜால்ரா போட்டவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வாசலுக்கு வந்த ஆட்டை ஓட்டுவதுபோலச் சொன்னார். இரண்டாவது உடுக்கை. அடுத்த ஆடியில் மாரியம்மன் கோயில் வாசலில் உடுக்கை ஒலித்ததும் அம்மா எழுந்து ஆடினாள். முந்தானையைப் பிடித்து இழுத்த பிள்ளையைப் பார்த்து யாரடா நீ என்று கேட்டாள். மூன்றாவது லாக்கப். கோயில் குழாய் ஒலிபெருக்கிகளை இறக்கச் சொல்லி மறியல் செய்த அன்று ஏட்டு விட்ட அறையில் இடது காது செத்தது. நான்காவது சொந்த வீட்டுக்குள் நடந்தது, அதாவது இயக்கத்துக்குள். மாவட்டச் செயலாளர் பதவியை, தலைமுடி நரைக்கும்வரை துண்டறிக்கை எழுதியவனுக்குக் கொடுக்காமல், மேடையில் பாடத் தெரிந்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள். கூட்டம் சேர்க்கப் பாட்டு வேண்டுமாம். ஐந்தாவது, போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆறாவது, அந்த அடைப்பு அவருடைய சொற்களை வாரிக்கொண்டு போனது அல்ல; ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது. குற்றச்சாட்டு என்றால் வரிசை வேண்டும், வரிசை தப்பினால் அந்த இடுக்கில் எதிரி வந்து உட்கார்ந்துகொள்வான் என்று எத்தனையோ இளைஞர்களிடம் சொன்னவர் இளமாறன். மாரிமுத்து என்று அம்மா வைத்த பெயரை மீசை முளைத்த கையோடு அரசிதழில் மாற்றி இளமாறன் ஆனவர். முசிறியில் வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தின் மேடையில், கறுப்புச் சட்டைக்குள், செயலற்ற வலக்கையை மடியில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலம்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவர் இந்த வரிசையைத்தான் முதலிலிருந்து சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குள் ஒரு குறையும் இல்லை. வாதம், மேற்கோள், ஏளனம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வாய்க்கு வரும் வழியில்தான் யாரோ பாலத்தை உடைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே மேடையில் ஒரு பெண் குழந்தைக்கு அவர் பெயர் வைக்க வேண்டும். மைக்கில், சபையோர் எல்லோரும் கேட்கும்படி, ஒரே ஒரு பெயர். வாயைத் திறந்தால் மிச்சம் இருக்கும் அந்தச் சொல் முந்திக்கொண்டு வந்துவிடும். குழந்தையின் தலைமேல் அதுதான் விழும்.

அந்தச் சொல் ஒழிக. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நர்ஸ் குனிந்து, "தாத்தா, உங்க பேரு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். இளமாறன் என்று சொன்னார். காதில் விழுந்தது ஒழிக. நாக்கு தடுமாறிவிட்டது என்று நினைத்து நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒழிக. தெளிவாக, மேடையில் சொல்வதுபோலவே, கடைசியில் அந்தக் குத்தலோடு. நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். ருக்குமணிதான், "பயப்படாதம்மா, அவருக்குப் பேச்சு நல்லா வந்துருச்சு. எங்க கல்யாணத்துலேருந்து இதத்தான் பேசறாரு" என்றாள். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள். அந்த வராந்தா அவருடைய நல்ல காதின் பக்கம் இருந்தது. ருக்குமணியின் பெயரைத் தமிழாக்க அவர் எத்தனையோ முயன்றும், ரேஷன் கார்டில் ஏறினது ஏறினதுதான் என்று அவள் விடவில்லை. பழகின சொல் ஒன்று இப்படித் தப்பித்துக்கொள்வது உண்டு, சிலருக்குக் கெட்ட வார்த்தை நிற்கும், சிலருக்குச் சாமி பேர் நிற்கும் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் தொட்டியம் பக்கத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் கிடந்தார். அவருக்கு நின்றது முருகா. அவர் சிறுநீர்க் குடுவை கேட்டு முருகா என்றால் பார்க்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் தலையணை உயரமாக இருக்கிறது என்று முருகா சொன்னால், என்ன பக்தி, என்ன பக்தி என்று ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். இளமாறன் தண்ணீர் கேட்டால் வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரே நோய், ஒரே வரிசைக் கட்டில். இதைத் துண்டறிக்கையாக எழுதினால் எப்படி இருக்கும், 'இரண்டு நோயாளிகள், ஒரு கேள்வி' என்று தலைப்புப் போட்டு, கடைசி வரியில் ஒரு வெட்டு வெட்டி... எழுதுகிற கைதான் மடியில் கிடந்தது. இது ஏழாவதா? இல்லை, ஆறாவதிலேயே சேரும். சேருமா? மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. கடைவாயில் ஈரம் வழிவது தெரிந்தது. முன் வரிசையில் இருந்த ருக்குமணி கைக்குட்டையை எடுத்துத் தன் வாயைத் துடைத்துக்காட்டினாள். அவர் இடக்கையால் துடைத்துக்கொண்டார். நாடகத்தில் மறந்துபோன வசனத்தை ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பதுபோல எல்லாவற்றையும் அவள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. பெயரை மட்டும் எடுத்துக்கொடுக்க முடியாது. அந்தப் பெயர் அவளுக்கே தெரியாது.

சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதத்தில் அது இருந்தது. இடக்கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல, எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள அவர் எழுதியது. எழுதியது சரி, நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார். முன்பு ஒருமுறை வீட்டில் அதைச் சொல்லிப்பார்க்கலாம் என்று உதட்டைக் குவித்தபோதே மற்றது வந்துவிட்டது. அதற்குப் பிறகு, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று அந்தப் பெயரின் பக்கமே மனத்தை விடுவதில்லை. நினைத்தால் தோஷம் என்பதுபோல. தோஷம் என்ற சொல் உள்ளுக்குள் எழுந்ததும் அவருக்கே கூசியது. ராகுகாலத்தில் புதுமனை புகுந்தவன், கிரகணத்தன்று கர்ப்பிணிகளை வெளியே அழைத்து விருந்து வைத்தவன், ஒரு பெயரை நினைக்கப் பயப்படுகிறான். பயம் வந்தால் பின்னாலேயே எது வரும் என்று அவரே எழுதியிருக்கிறார். பெனிட்டாவிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால் சிரித்திருப்பாள். திருச்சி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண் அவள், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. படங்களைக் காட்டினாள், கண்ணாடியில் வாயைப் பார்க்கச் சொன்னாள், வாழை என்றாள், வண்டி என்றாள். எல்லாவற்றையும் அவர் ஒழித்தார். ஒருநாள் அட்டைகளை மூடி வைத்துவிட்டு, அவர் இடக்கையை மேசைமேல் வைத்து விரல்களைத் தட்டினாள். "ஐயா, நீங்க பேச வேண்டாம். பேச்சு இருக்கிற பக்கம் அடைச்சிருக்கு. பாட்டு இருக்கிறது மறுபக்கம், அது நல்லாத்தான் இருக்கு. சின்ன வயசுலேருந்து தெரிஞ்ச மெட்டு ஏதாவது சொல்லுங்க, அதுல ஏத்திக் கூட்டிட்டு வந்துடலாம்." அவர் தலையை ஆட்டினார். மெட்டு இல்லை. "என்னங்கய்யா, ஒரு பாட்டுகூடவா இல்ல?" என்றாள் பெனிட்டா, நிஜமாகவே வருத்தப்பட்டு. "சினிமாப் பாட்டு?" இல்லை. "உங்க கட்சிப் பாட்டு?" இல்லை. கை தட்டுகிறவன் கேள்வி கேட்க மாட்டான், பாட்டு மூளையைக் கும்பிட வைக்கிற தந்திரம் என்று எழுதியவர் அவர். தன் மேடைகளில் தொடக்கப் பாட்டைக்கூட அனுமதித்ததில்லை. அதனால்தான் அந்தப் பதவி போனது என்று சிலர் சொன்னார்கள். போகட்டும். ருக்குமணி முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "ஒண்ணு இருக்கும்மா" என்றாள். "இவங்க அம்மா சாகறதுக்கு முந்தி சொல்லியிருக்காங்க. இவருக்குச் சின்னப் பிள்ளையில அம்மை போட்டு, பொழைக்க மாட்டார்னு விட்டுட்டாங்களாம். ராவும் பகலும் தலமாட்டுல உக்காந்து பாடியிருக்காங்க." அவர் ருக்குமணியை முறைத்தார். ஒழிக என்றார். இந்த முறை அதுதான் சொல்ல நினைத்தது.

ஆனால் அது அங்கேதான் இருந்தது. பெனிட்டாவின் விரல் அவருடைய விரல்மேல் தட்ட, தட்ட, எங்கிருந்தோ வேப்பிலையின் கசப்பு மூக்குக்கு வந்தது. ஈரத்தரை, மூடிய சன்னல், உடம்பெல்லாம் எரியும் முத்துகள், சொறியக் கூடாது என்று கட்டிப்போட்ட கை. இருட்டுக்குள் அம்மாவின் குரல், இனிமையான குரல் அல்ல, கொஞ்சம் கரகரத்த, மூச்சு வாங்கிய குரல். கோபமாக வந்தவளைத் தாயே தணிந்து போ, தாயே குளிர்ந்து போ என்று கெஞ்சிக் கெஞ்சித் தூங்கப்பண்ணுகிற மெட்டு. ஏறாது. இறங்கிக்கொண்டே இருக்கும், படித்துறையில் ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல. அவர் தொண்டைக்குள் ஏதோ அதைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, பிடிக்காதே என்று அவர் சொல்லச் சொல்ல. பெனிட்டா, "தண்ணி வேணும், அந்த மெட்டுலயே சொல்லுங்க, தண்ணி வேணும்" என்றாள். தண்ணி வேணும் என்று அவர் பாடினார். சொல் முழுசாக, தோல் உரிந்து புதுசாக வெளியே வந்தது. மாதக்கணக்கில் இல்லாத தண்ணீர். பெனிட்டா கை தட்டினாள். ருக்குமணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே, அந்த மெட்டுக்கு என்ன பழக்கமோ, அவளுடைய இரண்டு கையும் தானாகக் குவிந்தன. "பாருங்க, ஆத்தாளத் தாலாட்டித் தண்ணி கேக்கறாரு" என்றாள். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அதுதான் இன்றுவரை விளங்கவில்லை. சொல் வந்ததற்கான மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். மகிழ்ச்சி அப்படி இருக்காது. அந்த மெட்டில் இறங்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்து, தான் ரொம்பச் சின்னவன் என்றும், யாரோ தலைமாட்டில் இருக்கிறார்கள் என்றும், இனி எரியாது என்றும் தோன்றியது. யார் இருக்கிறார்கள்? அம்மா செத்து எரித்தாகிவிட்டது. வேறு யார்? மூளையின் வலப்பாதி, அவ்வளவுதான். சதை, ரத்தம், மின்சாரம். வாழைக்காய் வியாபாரிக்கு முருகன் வந்த மாதிரி எனக்கு ஒரு மெட்டு வந்திருக்கிறது, இரண்டுக்கும் காரணம் குழாய் அடைப்பு. இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத வாதத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் தினமும் சாயங்காலம் அழுதார். தண்ணி வேணும், சோறு போதும், சன்னல சாத்து. எல்லாம் அம்மனைத் தூங்கப்பண்ணுகிற மெட்டில். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடும் என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு.

அதைவிட மோசமான ஒன்று ஒரு சாயங்காலம் தெரிந்தது. தன்னுடைய பழைய துண்டறிக்கை ஒன்றை மனத்துக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தார், ஊர்ப் பொதுக்கிணறு விஷயமாக எழுதியது, அவருக்குப் பெருமையானது. அந்த வாக்கியங்கள் அச்சகத்தில் பிறந்தவை. மிதி இயந்திரத்தில் அச்சுக்காரர் முனியாண்டி காகிதம் போட, இவர் பக்கத்தில் நின்று அந்தத் தட்டல் ஓசையிலேயே அடுத்த வரியைக் கட்டிக்கொண்டே போவார். எங்கே நிறுத்துவது, எங்கே திருப்பி அடிப்பது என்று இயந்திரமே சொல்லும் என்பார். அறிவின் ஓசை என்று அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார். அன்று இடக்கை விரல்கள் பயிற்சிப் பழக்கத்தில் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. கிணற்று வாக்கியம் அந்தத் தட்டலில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து, படிப்படியாக இறங்கியது. இரண்டு இறக்கம், ஒரு நிறுத்தம், ஒரு வெட்டு. அவர் கையை இழுத்துக்கொண்டார். வேறொரு அறிக்கையை எடுத்தார். அதுவும் இறங்கியது. ஜோசியத்தைக் கிழித்தது, தேர் இழுப்பதைக் கிழித்தது, பாட்டைக் கிழித்தது, எல்லாம் அம்மனைக் குளிர்ந்து போ குளிர்ந்து போ என்று கெஞ்சுகிற நடையில் நடந்தன. அப்படியென்றால் நான் எழுதியது எது? நான் எழுதினேனா? மிதி இயந்திரம் என்று நினைத்தது எல்லாம் அம்மை போட்ட பிள்ளையின் தலைமாட்டில் ஒருத்தி தட்டின தட்டா? ஊரே மெச்சின அந்த நடை என்னுடையது இல்லையா? இதை யாரிடம் கேட்பது, எந்த மெட்டில்? கேட்கவே முடியாத கேள்வியை வைத்துக்கொண்டு இருப்பது, வாயில் பல் இல்லாதவன் கொட்டைப்பாக்கை வைத்துக்கொண்டு இருப்பதுபோல. அன்றிலிருந்து வரிசையை அடிக்கடி சொல்லிப்பார்க்க வேண்டியிருந்தது. பஜனை மடம், உடுக்கை, லாக்கப். வரிசை மட்டும் மெட்டில் உட்கார மறுத்தது. அதனால் அது மட்டுமே தன்னுடையது என்று தோன்றியது.

மேடையில் பொன்னுரங்கம் பேசிக்கொண்டிருந்தார். குழந்தையின் தாத்தா, இளமாறனோடு அந்த லாக்கப்பில் கிடந்தவர், இப்போது இரண்டு முழங்காலும் போய் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பையன் செங்குன்றனுக்கு இதே முசிறியில பேர் வெச்சது யாரு? நம்ம ஐயா. இன்னிக்கு அவன் மகளுக்குப் பேர் வெக்கப் போறது யாரு? நம்ம ஐயா. நாலு மாசமா என் பேத்தி பேரில்லாம பாப்பா பாப்பான்னு கெடக்கா. எதுக்கு? ஐயாவுக்கு உடம்பு தேறட்டும்னு. தேறிட்டாரு. அண்ணி சொன்னாங்க, நல்லாப் பேசறாருன்னு." கைதட்டல். அண்ணி, அதாவது ருக்குமணி, தரையைப் பார்த்தாள். நல்லாப் பேசறாரு என்று அவள் சொன்னது பெருமைக்காக. எப்படிப் பேசுகிறார் என்று சொல்லாதது அவருக்காக. மேடையேறுமுன் செங்குன்றன் காலைத் தொட வந்து, இயக்கத்தில் அது வழக்கமில்லை என்று ஞாபகம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க வெச்சாத்தான் ஐயா. இல்லன்னா அடுத்த வாரம் எங்க மாமியார் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க." அந்த மாமியார் இரண்டாவது வரிசையில், குங்குமமும் பெரிய பார்டர் சேலையுமாக, இந்தக் கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் அரக்குப் பொட்டுபோல உட்கார்ந்திருந்தாள். பேச முடியாத மனுசன் பேர் வெச்சா பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று அவள் மகளிடம் கேட்டது, கேட்டவர்கள் வழியாக இவரிடமும் வந்து சேர்ந்திருந்தது. மூடநம்பிக்கை. சந்தேகமில்லை. ஆனால் அது வந்து சேர்ந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. மேகலா, குழந்தையின் தாய், மேடை ஓரத்து நாற்காலியில் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை விழித்திருந்தது. அவரையே பார்த்தது. அதற்கும் சொற்கள் இல்லை, ஆனால் அது வெட்கப்படவில்லை. ஒழிக என்று சொன்னால் அந்த முகம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கூட்டம்தான் செய்யும். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சிரிக்காமல் இருப்பார்கள், அந்த இரண்டாவதுதான் தாங்காது. மாமியார் எழுந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விடுவாள், யாரும் தடுக்க மாட்டார்கள், தடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? அந்த மெட்டில் சொன்னாலோ, பெயர் வந்துவிடும். ஆனால் மாமியாருக்கு அந்த மெட்டு தெரியும். இங்கே இருக்கிற ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? இந்தப் பக்கம் விழுந்தால் பிள்ளை தலையில் சாபம், அந்தப் பக்கம் விழுந்தால் மாரியம்மன் மடி. நடுவில் நிற்க ஒரு செங்கல் அகலம்கூட இல்லை.

வெளியே ஆடி ஞாயிறு. மூலைக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். குழாய் ஒலிபெருக்கி மண்டபத்து சன்னலைப் பார்த்தே கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சினிமா மெட்டுப் பக்திப்பாட்டு, தவிலும் கீபோர்டுமாக, சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. நல்ல காதின் பக்கம். ஒரு காலத்தில் அதை நிறுத்தச் சொல்லி மனு எழுதியிருப்பார். இப்போது அவரைப் பிடித்தது வேறு பதற்றம். அந்தப் பாட்டு போடுகிற சத்தத்தில் அம்மாவின் மெட்டைத் தேடினால் கிடைக்கவில்லை. முதல் படியில் கால் வைக்கப் போனால் கீபோர்டு வந்து தள்ளிவிட்டது. மறுபடி. மறுபடி. விரலை முழங்காலில் தட்டிப்பார்த்தார்; விரல் தவிலோடு போய்விட்டது, துரோகி. நிறுத்தித் தொலையுங்கடா, எனக்கு என் அம்மன் பாட்டு வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கத்தியது. என் அம்மன் பாட்டு. யார் சொன்னது அதை? பஜனை மடம், உடுக்கை, லாக்கப், பதவி. பஜனை மடத்துக்கும் முன்னால் அம்மை. அம்மை வரிசையிலேயே இல்லையே? அது அநீதி இல்லை, அதனால் இல்லை. பஜனை மடத்துப் படியில் ஏறி அந்தப் பையன் எதைப் பாடினான்? அவர்கள் பாட்டு அவனுக்குத் தெரியாதே. தெரிந்த ஒரே மெட்டில், அவர்கள் சொல்லைப் போட்டுப் பாடினான். அதனால்தான் ஜால்ராக்காரர் காதைப் பிடித்தாரா? தெருவுக்காகவா, மெட்டுக்காகவா? இத்தனை காலம் வரிசையின் முதல் எண்ணாக நின்றது ஆடியது. "...இப்போது ஐயா அவர்கள்" என்று பொன்னுரங்கம் முடித்தார். கைதட்டல் வந்தது. செங்குன்றன் ஒரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். எழுந்து நின்றதும் கால்கள் நின்றன, அதுவே ஆச்சரியமாக இருந்தது. பொன்னுரங்கம் நல்ல காதில் குனிந்து, "தோழரே, சொற்பொழிவு வேண்டாம். பேரச் சொல்லிட்டு உக்காருங்க, பிரியாணி ஆறிடும்" என்றார்.

மேகலா குழந்தையோடு வந்து பக்கத்தில் நின்றாள். பால் வாசனை. அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஒரு கையால் பிரிக்க முடியாமல் பற்களுக்கு இடையில் வைத்துப் பிரித்தார். யாரும் சிரிக்கவில்லை, அதற்குள் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது. காகிதத்தைப் பேச்சு மேசைமேல் நீவி வைத்தார். எழுத்துகள் தெரிந்தன. படி, அவ்வளவுதான், படி. முழக்கம்போலச் சொல்லிவிடலாம் என்று கடைசியாக ஒரு வழி தோன்றியது. முழக்கமும் தாளம்தானே, அது யாருடைய அம்மனும் இல்லையே. மூச்சை இழுத்தார். உதடு குவிந்தது. "ஒ..." என்றது மைக், மண்டபம் முழுக்க. அவர் வாயை மூடினார், கதவில் கை நசுங்கினதுபோல. முழக்கம் எங்கே போய் முடியும் என்று வாய்க்குத் தெரிந்திருந்தது. மைக் கீச்சிட்டு அடங்கியது. பின் வரிசையில் ஒருவர் இருமினார். "தோழரே, சீட்டக் குடுங்க, நான் படிச்சிடறேன்" என்றார் பொன்னுரங்கம், மெதுவாக, ரொம்ப அன்பாக. அந்த அன்புதான் ஏட்டின் அறையைவிட வலித்தது. அவர் காகிதத்தின்மேல் இடக்கையை வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை. ருக்குமணி எழுந்து நின்றுவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு. மாமியாரும் எழுந்தாள், அவள் குழந்தையை வாங்கத்தான் எழுந்தாள், கை முன்னால் நீண்டிருந்தது. அவருக்கு வரிசை முழுவதும் மறந்துபோயிற்று. எந்த எண்ணும் இல்லை. காகிதத்தின்மேல் இருந்த விரல்கள் தட்ட ஆரம்பித்திருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று தெரியவில்லை, யாரையும் கேட்காமல், வெளியே குழாய் கத்திக்கொண்டிருக்கும்போதே, அதற்குக் கீழே, மெதுவாக. வாதாட ஒரு நொடி கிடைத்திருந்தால்கூட அவர் மறுத்திருப்பார். தொண்டை காத்திருக்கவில்லை. கரகரத்து, மூச்சு வாங்கி, அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தின இருட்டறையில் வேப்பிலைக்கு நடுவே கேட்ட அதே குரலாக அது வெளியே வந்தது. கறுப்புச் சட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொன்னுரங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. மாமியாரின் நீண்ட கை வழியிலேயே நின்று, திரும்பி, மார்பின்மேல் மற்றக் கையோடு சேர்ந்துகொண்டது; அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிழவிகள். வேண்டாம், கும்பிடாதே, இது மூளை, வலப்பாதி, கும்பிடாதே என்று அவர் சொன்னார், உள்ளே. வெளியே கண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியது. குழந்தை கைகாலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அந்த ஓசையின் பக்கம் தலையைத் திருப்பியது. ஒருமுறை படித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தார்; அந்த மெட்டு ஒரு படியில் நிற்காது, மூன்று படி இறங்கித்தான் தண்ணீரைத் தொடும், நிறுத்துவது அவர் கையில் இல்லை. காகிதத்தைப் பார்த்து, சபையோர் கேட்க, ஒவ்வொரு படியாகப் படித்தார்: "சுடர்க்கொடி... சுடர்க்கொடி... சுடர்க்கொடி."